எடுக்கப்படாத நூல்களும் எடுத்துவைக்கும் கடமையும்

பொது நூலகத்துக்குள் நுழையும் வாசகர் பலர் முதலில் கைவைக்கும் இடம் அலமாரி அன்று. இரவல் பதியும் மேசைக்குப் பக்கத்தில், திரும்பி வந்து இன்னும் தட்டுக்குப் போகாமல் கிடக்கும் புத்தகங்களைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். யாரும் திட்டமிட்டு வைக்காத கண்காட்சி அது. இன்னொருவர் எடுத்துப் போய்ப் படித்தார் என்பதே அதிலுள்ள ஒவ்வொரு நூலுக்குமான சிபாரிசு. அதனால் நேற்றுப் போன நூல் இன்றும் போகிறது. ஐந்து ஆண்டுகளாகப் போகாத நூல் ஆறாம் ஆண்டும் போவதில்லை. கவனிக்கப்படாத நூல்களை வாசகர் கண்முன் எடுத்துவைப்பது பற்றிய ஆய்வை இந்தக் குவியலிலிருந்து தொடங்குவதே பொருத்தம். எந்த நூலகமும் ஏற்கெனவே சில நூல்களைக் காட்டிக்கொண்டும் பலவற்றை மறைத்துக்கொண்டும்தான் நடக்கிறது. அது தற்செயலின் போக்கில் நடக்கட்டும் என்று விடுவதா, நூலகர் யோசித்துச் செய்வதா என்பதுதான் நம்முன் உள்ள கேள்வி. யோசித்துச் செய்வதே நூலகத்தின் கடமை என்பதும், அப்படிச் செய்யும் காட்சி நாம் பழகிய விழாக் காட்சியிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தேங்கி நிற்கும் நூல்கள் எத்தனை? துல்லியமான கணக்குகள் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களிலிருந்தே கிடைக்கின்றன. இரவலில் சுமார் 80 விழுக்காட்டை இருப்பில் உள்ள சுமார் 20 விழுக்காடு நூல்களே ஈடுகட்டிவிடுகின்றன என்று 1969இல் ரிச்சர்ட் ட்ரூஸ்வெல் எழுதினார். ஆலன் கென்ட் தலைமையில் நடந்து 1979இல் வெளியான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு, 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று காட்டியது. 2010இல் கார்னெல் பல்கலைக்கழக நூலகம் தன் இருப்பை ஆராய்ந்தபோது, 1990 முதல் வெளியான தனிநூல்களில் ஏறத்தாழ 55 விழுக்காடு ஒருதடவையும் வெளியே போகவில்லை என்று கண்டது. இந்த எண்களை அப்படியே நம் கிளை நூலகங்களுக்குப் பொருத்திவிட முடியாது. ஆராய்ச்சி நூலகம் ஐம்பது ஆண்டு கழித்து வரப்போகும் ஒருவருக்காகவும் வாங்குகிறது. பொது நூலகம் பக்கத்துத் தெருக்காரருக்காக வாங்குகிறது. நூலகத்திலேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவரின் வாசிப்பு இரவல் கணக்கில் ஏறுவதும் இல்லை. இந்தக் கழிவுகளையெல்லாம் போட்ட பிறகும் அடிப்படை வடிவம் மாறுவதில்லை. கொஞ்சம் நூல்கள் ஓயாமல் சுற்றுகின்றன. மீதி நூல்கள் நிற்கின்றன.

நிற்பதற்கு எளிதாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு: நல்லதாக இருந்தால் யாராவது எடுத்திருக்க மாட்டார்களா? இதில் பாதி உண்மை இருக்கிறது; மறுபாதியை 2006இல் வெளியான ஒரு சோதனை விளக்குகிறது. மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டோர் முன் வைத்தார்கள். ஒரு சாரார் பிறர் எதை எடுத்தார்கள் என்று தெரியாமல் தேர்ந்தார்கள். மற்றவர்கள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தம் குழுவில் எந்தப் பாடல் எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்துக்கொண்டே தேர்ந்தார்கள். எண்ணிக்கை தெரிந்த இடத்தில் முன்னணிப் பாடல்களுக்கும் பின்தங்கியவற்றுக்கும் இடையிலான தூரம் பெருகியது. எந்தப் பாடல் முந்தியது என்பதோ குழுவுக்குக் குழு மாறியது. மிகச் சிறந்தவை பெரும்பாலும் தோற்கவில்லை. மிக மோசமானவை பெரும்பாலும் வெல்லவில்லை. இடைப்பட்டவற்றின் கதி தொடக்கத்தில் யார் கையில் பட்டது என்பதைப் பொறுத்தே அமைந்தது. இரவல் மேசைப் பக்கத்துக் குவியல் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். நூலின் தகுதி இரு கோடிகளில்தான் தீர்ப்பு எழுதுகிறது. நடுவே இருக்கும் பெருந்தொகை நூல்களின் தீர்ப்பைக் காட்சியே எழுதிவிடுகிறது.

பாடலுக்கு இல்லாத உடல் நூலுக்கு உண்டு என்பதால் அதன் சங்கடம் இன்னும் கூடுதல். கண்மட்டத்தில் இருக்கும் தட்டுக்கும், குனிந்து பார்க்க வேண்டிய கடைசித் தட்டுக்கும் ஒரே வாய்ப்பு கிடைப்பதில்லை. முழங்கால் வலியுள்ள முதியவருக்குக் கடைசித் தட்டு இல்லாததற்குச் சமம். அலமாரியில் நூல் காட்டுவது முகத்தை அன்று, முதுகை. தமிழ்ப் பதிப்பில் இது தனிச் சிக்கல். நூறு பக்கத்துக்குள் அடங்கும் மெலிந்த நூல்கள் நம்மிடம் ஏராளம்; அவற்றின் முதுகில் பெயர் அச்சிட இடமே இருப்பதில்லை. இரண்டு தடித்த நாவல்களுக்கு நடுவே அப்படி ஒரு நூல் நுழைந்துவிட்டால் அது இருப்பதே தெரியாது. பலர் படித்துக் கிழிந்த நூலுக்கு வேறொரு தண்டனை காத்திருக்கிறது. பைண்டு செய்து வரும்போது படம் போட்ட முகப்பு அட்டை போய், ஒரே நிறக் காலிகோவும் கையால் எழுதிய எண்ணும் மிஞ்சுகின்றன. ஒரு காலத்தில் விரும்பிப் படிக்கப்பட்டதன் அடையாளமே, அடுத்த தலைமுறை அதைத் தொடாமல் போவதற்குக் காரணமாகிவிடுகிறது.

நூல் தானாக வாசகரைத் தேடிப் போகாது, நூலகம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் புதிதும் அன்று, வெளியிலிருந்து நாம் கடன் வாங்க வேண்டியதும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் பொது நூலகங்களில் வாசகர் அலமாரியை நெருங்கவே முடியாது. பட்டியலில் பார்த்து எண்ணைச் சொன்னால் ஊழியர் எடுத்துத் தருவார். பெயர் தெரியாத நூலைக் கேட்பது எப்படி? 1894இல் லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் அலமாரிகளைத் திறந்துவிட்டது இந்தத் தடைக்கு விழுந்த முதல் அடிகளில் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் இங்கிலாந்து சென்று பயின்று, அங்கே நூலகங்கள் நடக்கும் விதத்தை நேரில் கண்டு திரும்பினார். 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட அவருடைய ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. இரண்டாம் விதி வாசகர் பக்கம் நின்று பேசுகிறது. மூன்றாவது நூலின் பக்கம் நின்று பேசுகிறது. திறந்த அலமாரி, விரிவான நூற்பட்டியல், வாசகருக்கு வழிகாட்டும் பணி, விளம்பரம் என்று எல்லாவற்றையும் ரங்கநாதன் இந்த விதியின் கீழ்தான் கொண்டுவந்தார். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களை நோக்கிப் புறப்பட்டது. ஊருக்கும் நூலகத்துக்கும் இடையில் இருந்த தூரத்தை அந்த வண்டி கடந்தது. வாசலுக்கும் கடைசி அலமாரிக்கும் இடையில் இருக்கும் சில அடித் தூரத்தைக் கடக்கும் வேலைதான் இன்னும் பாக்கி இருக்கிறது.

எடுத்துவைத்தால் நூல்கள் உண்மையிலேயே நகர்கின்றனவா? 1972இல் ஹெர்பர்ட் கோல்தார் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. இல்லினாய் மாநிலத்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு ஊர்களின் பொது நூலகங்களில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஒரே நூல்களை அவர் தேர்ந்தெடுத்தார். ஒரு நூலகத்தில் அவற்றை வாசகர் வந்துபோகும் முக்கிய இடத்தில் வைத்தார். மற்றதில் வழக்கமான தட்டிலேயே விட்டார். முக்கிய இடத்துக்கு வந்த நூல்களின் இரவல் வெகுவாகக் கூடியது. இந்தக் கூடுதலுக்கு இடம் காரணமா, 'இதை நூலகர் பொறுக்கி வைத்திருக்கிறார்' என்ற எண்ணம் காரணமா என்ற அடுத்த கேள்வியை 1986இல் ஷாரன் பேக்கர் எடுத்துக்கொண்டார். இடமே பெரிய காரணம் என்று அவர் ஆய்வு சுட்டியது. இது நூலகரின் தற்பெருமைக்குச் சற்றுக் கசப்பான முடிவு; ஆனால் நடைமுறைக்கு மிகவும் இனிப்பானது. விலையுயர்ந்த தாங்கியோ அலங்கார எழுத்தோ வேண்டாம். வழியில், கைக்கு எட்டும் உயரத்தில், முகம் தெரிய வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. எதைத் தேடி வந்தோம் என்று தீர்மானிக்காமல் மேய்ந்து பார்ப்பவர்கள் பொது நூலகத்தில் எப்போதும் உண்டு. இடத்தின் செல்வாக்கு பலிப்பது அவர்களிடம்தான்.

குறைவாக வைத்தால் மேலும் நல்லது என்ற கருத்தும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000இல் வெளியிட்ட ஜாம் சோதனை. 24 வகை ஜாம் வைத்த மேசையைப் பார்த்தவர்களைவிட 6 வகை வைத்த மேசையைப் பார்த்தவர்களே பன்மடங்கு அதிகமாக வாங்கினார்கள். ஆனால் 2010இல் ஷைபஹென்னும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய ஐம்பது சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூச்சியமாக இருந்தது. ஆகவே 'சிறிய மேசையே சிறந்தது' என்பதை விதியாக்க முடியாது. சிறிய காட்சிக்கு வேறொரு நியாயம் இருக்கிறது. பத்து நூல்களை ஒரு நூலகரால் உண்மையிலேயே புரட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுத முடியும்; நூறு நூல்களுக்கு முடியாது. நூறு நூல்கள் வைத்த மேசை இன்னோர் அலமாரியாகிவிடும், அவ்வளவுதான்.

நம் நூலகங்களில் காட்சி என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது விழா. நவம்பர் 14இல் தொடங்கும் தேசிய நூலக வாரம், ஏப்ரல் 23இன் உலகப் புத்தக நாள், தலைவர்களின், கவிஞர்களின் பிறந்தநாள் என்று நாள் பார்த்து மேசை போடப்படுகிறது, துணி விரிக்கப்படுகிறது, படத்துக்கு மாலை விழுகிறது. பாரதி நாளில் பாரதி கவிதைகளும் பொங்கலையொட்டித் திருக்குறள் உரைகளும் மேசைக்கு வருகின்றன. இதில் தவறு சொல்ல ஒன்றும் இல்லை. மரியாதை செலுத்துவதும் நூலகத்தின் வேலைதான். ஆனால் இது மூன்றாம் விதிக்குச் செய்யும் தொண்டு ஆகாது. முதலாவது, மேசைக்கு வரும் நூல்கள் ஏற்கெனவே எல்லோருக்கும் பெயர் தெரிந்தவை. இரண்டாவது, விழா முடியும்வரை அவற்றை எடுத்துப் போகத் தயங்க வேண்டியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாலோ அதற்கும் வழியில்லை. மூன்றாவது, விழா முடிந்ததும் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடுகின்றன. எத்தனை நூல் இரவல் போனது என்று யாரும் எண்ணுவதில்லை. விழாக் காட்சியில் மேசை கடைசிவரை நிறைந்திருந்தால் வெற்றி. இரவலுக்கான காட்சியில் மேசை நிறைந்தே இருந்தால் தோல்வி.

அப்படியானால் எந்த நூல்களை எடுத்துவைப்பது? தடயம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் மூன்று ஆண்டுகளாக முத்திரை விழாதவை முதல் பட்டியல். கணினியில் இரவல் பதியும் நூலகத்தில் இந்தப் பட்டியலை எடுப்பது இன்னும் எளிது. அதிலிருந்து பொறுக்குவதற்குத்தான் நூலகரின் வாசிப்பு வேண்டும். தமிழ் நூலகங்களில் இப்படி நிற்கும் வகைகளை ஊகிப்பது கடினமில்லை. சாகித்திய அகாதெமியின் இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசை, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட பிறமொழி நாவல்கள், சோவியத் காலத்து மொழிபெயர்ப்புகள், பயண நூல்கள், தன்வரலாறுகள், ஊர் வரலாறுகள், வேளாண்மை, மருத்துவம் பற்றிய சிறுநூல்கள் ஆகியவற்றைச் சொல்லலாம். அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' போன்ற வங்க நாவல்கள் தமிழில் இன்று பெற்றிருக்கும் வாசகர் கூட்டம், எழுத்தாளர்கள் கட்டுரைக்குக் கட்டுரை அவற்றைச் சுட்டிக்காட்டியதால் பெருகியது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலானபோது பெரிய கவனம் பெறவில்லை; இன்று தமிழின் முக்கிய நாவல்கள் வரிசையில் அது தவறாமல் வருகிறது. அமெரிக்காவிலும் ஜான் வில்லியம்ஸின் 'ஸ்டோனர்' 1965இல் வந்து மறக்கப்பட்டு, 2006இல் மறுபதிப்புக் கண்டு, 2013 வாக்கில் ஐரோப்பாவில் பெரும் விற்பனையானது. இந்நூல்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கைகாட்ட ஆள் வந்தார்கள். விமரிசகர் நாடு முழுவதற்கும் செய்வதை நூலகர் தன் தெருவுக்குச் செய்யலாம்.

பொறுக்கிய பத்தையும் ஒரு நூலில் கோக்கும் தலைப்பு தேவை. 'அரிய நூல்கள்', 'பயனுள்ள நூல்கள்' போன்ற தலைப்புகள் யாரையும் நிறுத்தா. 'கடலுக்குப் போனவர்கள்', 'ஒரே நாளில் படித்து முடிக்கலாம்', 'நம் மாவட்டத்துக் கதைகள்' என்று வைத்தால் நாவலும் வரலாறும் தன்வரலாறும் ஒரே மேசையில் சேரும். வகைப்பாட்டு எண் பிரித்துவைத்தவை அங்கே சந்திக்கும். எல்லோரும் அறிந்த ஒரு நூலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி அறியாதவற்றை அடுக்குவதும் நல்ல உத்தி. 'பொன்னியின் செல்வன்' படித்தவருக்குச் சோழர் வரலாறு பற்றிய நூலைக் காட்ட அதைவிடச் சிறந்த தருணம் வாய்க்காது. காலிகோ பைண்டு நூலுக்கு முகம் இல்லை என்பதால் அதற்கு ஓர் அட்டை அவசியம்: எதைப் பற்றியது, யாருக்குப் பிடிக்கும் என்று இரண்டு வரி. 'தலைசிறந்த படைப்பு' என்ற புகழுரையைவிட, 'இரண்டாம் உலகப்போர்க் காலத்து மலேயாவிலும் சுமத்ராவிலும் தமிழர் வாழ்வு' என்ற தகவலே கையை நீட்ட வைக்கும்.

இனி மறுப்புகள். மிக வலுவானது இது: எடுக்கப்படாத நூல்களில் பெரும்பகுதி எடுக்கத் தகுதியற்றவை, நூலக ஆணையை நம்பியே அச்சான நூல்களும் அவற்றில் உண்டு, அவற்றைத் தூக்கி நிறுத்துவது வாசகருக்குச் செய்யும் துரோகம். இந்த மறுப்பின் முதல் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காலாவதியான சட்ட விளக்கங்களையும் மாறிப்போன பாடத்திட்ட வழிகாட்டிகளையும் காட்சிக்கு வைக்கச் சொல்லி யாரும் வாதாடவில்லை. ஆனால் எது தகுதியற்றது, எது வெறுமனே மறைந்திருந்தது என்பதை இரவல் கணக்கை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மேலே கண்ட இசைச் சோதனை உணர்த்துவது அதைத்தான். இடப்பற்றாக்குறையால் கழிக்கும்போது பூச்சிய இரவலை மட்டும் பார்த்தால் ஒரு ப. சிங்காரமும் கட்டோடு போய்விடலாம். காட்சி இங்கே ஒரு சோதனையாகிறது. கழிப்பதற்கு முன் நூலகர் நல்லதென்று கருதும் நூலுக்கு ஒரு முறை முகம் காட்ட வாய்ப்புத் தரவேண்டும். அப்போதும் யாரும் தொடவில்லை என்றால் கிளை நூலகம் அதை மனச்சான்று உறுத்தாமல் விடுவிக்கலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய வெளியீடுகளின் படியைப் பெறும் கன்னிமாரா போன்ற நூலகங்களின் கடமை வேறு. அவை காக்கப் பிறந்தவை. கிளை நூலகம் கொடுக்கப் பிறந்தது.

இரண்டாம் மறுப்பு நடுநிலை பற்றியது. அரசு ஊழியரான நூலகர் தன் ரசனையையோ தன் அரசியலையோ மேசையில் பரப்புவதற்கு இது வழியாகாதா? ஆகலாம். ஆனால் காட்சியே வேண்டாம் என்று விட்டால் நடுநிலை வந்துவிடாது. அகரவரிசையும் தட்டின் உயரமும் பைண்டுக்காரரின் துணியும் பதிப்பாளரின் விளம்பரமும் தேர்வு செய்துகொண்டேதான் இருக்கும். அவற்றிடம் யாரும் காரணம் கேட்க முடியாது என்பதுதான் வேறுபாடு. நூலகரிடம் கேட்கலாம். அதோடு பொறுப்பைப் பகிரவும் வழியுண்டு: வாசகர் வட்டம் இருக்கும் ஊரில் ஒரு பட்டியலை அவர்கள் தரட்டும், அடுத்ததைப் பள்ளி மாணவர் தரட்டும், பின்னொன்றை நாள்தோறும் செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்கள் தரட்டும். தலைப்பும் தேர்ந்தவரும் மாறிக்கொண்டே இருந்தால் எந்த ஒரு ரசனையும் மேசையைக் குத்தகைக்கு எடுக்க முடியாது.

மூன்றாவது, நடைமுறை மறுப்புகள். எண்ணைக் குறித்துக்கொண்டு நேராகத் தட்டுக்கு வருபவர் அங்கே நூலைக் காணாமல் திரும்பினால், வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்லும் நான்காம் விதி மீறப்படுகிறது. உண்மை; நூல் இருந்த இடத்தில் 'முன்மேசையில் உள்ளது' என்று ஒரு துண்டு அட்டை செருகுவது அதற்குப் போதும். ஒரே ஒருவர் திறந்து, பெருக்கி, பதிந்து, பூட்டும் கிளை நூலகத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பதும் நியாயமான கேள்வி. அதனால்தான் அளவு பத்து நூல், கால எல்லை இரண்டு வாரம். காலியான இடத்தை நிரப்பத் தனி வேலை நாள் வேண்டியதில்லை; திரும்பி வந்த நூல்களைத் தட்டில் அடுக்கப் போகும்போது, பக்கத்தில் நிற்கும் தொடப்படாத நூல் ஒன்றைக் கையோடு எடுத்து வந்தால் போதும். காட்சியில் எடுத்த நூல் வேறொரு நூலின் இரவலைத் தின்றுவிடுகிறது, மொத்தத்தில் ஒன்றும் கூடவில்லை என்று சிலர் சொல்வார்கள். அப்படியே இருக்கட்டும். எல்லோரும் கேட்டுக் காத்திருக்கும் ஒரு நாவலுக்கு மூச்சுவிட இடம் கிடைத்து, சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிய மக்களின் பணத்தில் வாங்கிய இன்னொரு நூல் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது என்றால், மொத்த எண்ணிக்கை மாறாவிட்டாலும் நூலகம் முன்பைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது என்றே பொருள்.

காட்சியால் கிடைக்கும் இரவல் காட்சியோடு நின்றுவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இடம்தான் நூலை நகர்த்தியது என்றால், இடம் போனதும் நூல் மறுபடி நிற்கும். எனவே அளவுகோல் இரண்டு வேண்டும். மேசையில் இருந்த நாட்களில் எத்தனை போயின என்பது ஒன்று. தட்டுக்குத் திரும்பிய ஆறு மாதத்தில் யாரேனும் தேடி வந்து எடுத்தார்களா என்பது மற்றொன்று. முதல் கணக்கு மேசையின் வலிமையைச் சொல்லும். இரண்டாவது நூலின் வலிமையைச் சொல்லும். இரண்டாவதில் தேறும் நூல்கள் சிலவாகத்தான் இருக்கும். அவை அதன் பிறகு நூலகரின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை; படித்தவர் கொண்டுவந்து வைக்க, இரவல் மேசைப் பக்கத்துக் குவியலில் அவையும் கிடக்கும், அடுத்தவர் புரட்டுவதற்காக.